இரண்டாம் கை

துப்பாக்கியை வெளியே வைத்துவிட்டு வரச் சொன்னதும் பலவேசம் சிரித்தார். வீங்கிய கன்னத்தோடு சிரித்ததில் வலி ஏறியிருக்க வேண்டும். உடனே தாடையைப் பிடித்துக்கொண்டார்.

"வெளிய வைக்க முடியாது டாக்டரம்மா. எங்கிட்ட இருந்து மூணு மீட்டர் தள்ளிப் போச்சுன்னா கத்த ஆரம்பிச்சுரும். அஞ்சு நிமிசத்துல போலீஸ் ஜீப்பு உங்க வாசல்ல நிக்கும். பாக்கணுமா?"

டாக்டர் ஜுலேகா பார்க்க விரும்பவில்லை. பாளையங்கோட்டையில் அவள் இந்தப் பல் மருத்துவமனையைத் தொடங்கி எட்டு வருடமாகிறது. வரவேற்பு மேசைக்கு மேலே 'ஆயுதங்களுக்கு அனுமதி இல்லை' என்றொரு பலகை முதலில் தொங்கியது. துப்பாக்கியை உரியவர் கைக்கு மட்டுமே இயங்கும்படி பூட்டச் சொல்லும் கைப்பூட்டுச் சட்டம் வந்த பிறகு அதைக் கழற்றச் சொல்லி நோட்டீஸ் வந்தது. பூட்டிய துப்பாக்கியால் ஆபத்தில்லை, ஆகவே உரிமம் உள்ளவரைத் தடுக்கக் கூடாது என்று அதில் இருந்தது. பலகை இருந்த இடத்தில் ஆணி மட்டும் மிச்சம்.

"மயக்கத்துல இருக்கும்போது உங்ககிட்ட துப்பாக்கி இருந்தா எப்படி சார்? முழிக்கிற நேரத்துல தன்னையறியாம கைய கால ஆட்டுவாங்க. ஒருத்தர் என் அசிஸ்டென்ட்ட அறைஞ்சே இருக்காரு."

பலவேசம் இடது மணிக்கட்டை நீட்டினார். விரல் அகலத்தில் கறுப்புப் பட்டை. "இது என் நாடியப் பாக்குது, நிதானத்தப் பாக்குது. நான் நிதானம் தப்புனா எனக்கே சுடாது. குடிச்சிருந்தாலும் சுடாது. இது வந்த அன்னைக்குக் குடிய விட்டவன் நான். ஆறு வருசமாச்சு."

"அப்ப அந்த நேரம் யாருக்குமே சுடாதா?"

"அவளுக்குச் சுடும்." பின்னால் நின்ற மனைவியை அவர் திரும்பிப் பார்க்காமலே காட்டினார். "ரெண்டாவது கைன்னு ஒரு ஆள எழுதிக் குடுக்கணும். வீட்டாளா இருக்கணும்னு விதி. நமக்கு ஏதும் ஆகிப்போச்சுன்னா பொருள் அனாதையா கெடக்கக் கூடாதுல்லா. நான் கண்ணசந்தா அவ பொறுப்பு. அதுக்கென்ன, பல்லிய வெரட்டவே ஆள் கூப்புடுவா."

பிரம்மசக்தி என்ற அந்தப் பெண்ணுக்கு நாற்பது வயதிருக்கும். அவளது மணிக்கட்டிலும் அதே கறுப்புப் பட்டை. கணவரின் பேச்சுக்கு அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"ராத்திரி தூங்கும்போதும் அவங்க கைக்குப் போயிருமா?" என்று ஜுலேகா கேட்டாள்.

"தூக்கம் வேற. தட்டுனா முழிச்சுக்கிடுவோம்ல. அத இது கணக்குல எடுக்காது. குடி, மருந்து, அடி, இந்த மூணுதான் கணக்கு. ஆறு வருசத்துல ஒருநாள்கூட எங்கையவிட்டுப் போனதில்ல."

ராதாபுரம் பக்கம் இரண்டு கல் குவாரிகள் அவருக்கு. கூட்டாளியை ஒரு நாள் பட்டப்பகலில் வெட்டிப் போட்டார்கள். அதற்குப் பிறகு கிடைத்த உரிமம் அது. கேட்காமலே இதையும் சொன்னார்.

ஜுலேகா எக்ஸ்ரேயை மீண்டும் பார்த்தாள். கீழ்த்தாடையில் இரண்டு பக்கமும் கடைவாய்ப் பற்கள் படுத்துக் கிடந்தன. இடது பக்கம் சீழ் கட்டியிருந்தது, அதை இன்றே எடுத்தாக வேண்டும். வலது பக்கம் ஒரு மாதம் பொறுக்கும். ஒப்புதல் படிவத்தில் இரண்டுக்குமே அவர் கையெழுத்துப் போட்டிருந்தார். ஆனாலும் இன்றைக்கு ஒன்று போதும் என்று அவள் அவரிடம் சொன்னாள். இரண்டு பக்கமும் தையல் போட்டால் சாப்பிட முடியாது என்பது காரணம். துப்பாக்கி சீக்கிரம் வெளியே போகட்டும் என்பதும் ஒரு காரணம். அதைச் சொல்லவில்லை.

மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் கோயில்பிள்ளை அரசு மருத்துவமனையில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது ஸ்கூட்டரில் மருத்துவமனை மருத்துவமனையாகப் போய் வருகிறார். அவர் நரம்பைத் தேடி ஊசியைச் செருகும்போது பலவேசம் கண்களை இறுக மூடிக்கொண்டார். அதற்கு முன்பே இடுப்பிலிருந்து துப்பாக்கியை உறையோடு கழற்றி மனைவியின் ரெக்ஸின் பையில் வைத்திருந்தார். அவளை இரண்டு மீட்டர் தள்ளி, சுவரோரம் இருந்த ஸ்டூலில் உட்காரச் சொன்னவரும் அவர்தான்.

"நூறுல இருந்து தலைகீழா எண்ணுங்க" என்றார் கோயில்பிள்ளை.

தொண்ணூற்று மூன்றில் குரல் குழைந்தது.

"இது முழு மயக்கம் இல்லம்மா" என்று கோயில்பிள்ளை பிரம்மசக்தியிடம் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார். "சத்தமாக் கூப்பிட்டா முனகுவாரு. ஆனா எழுந்த பெறகு இங்க நடந்தது எதுவும் ஞாபகம் இருக்காது. எழுந்து ஒரு மணி நேரத்துக்குச் சொன்னதையே திருப்பித் திருப்பிக் கேப்பாரு. பயந்துராதீங்க."

அவள் மணிக்கட்டில் பட்டை அதிர்ந்த ஓசை கேட்டது.

ஜுலேகா நிமிர்ந்தாள். பையின் வாய் திறந்திருந்தது. துப்பாக்கியின் பிடியில் ஒரு சின்ன விளக்கு. அது பச்சையிலிருந்து வெள்ளையாக மாறியிருந்தது. பிரம்மசக்தி பைக்குள் கைவிட்டு, உறையை உருவி, துப்பாக்கியை வெளியே எடுத்தாள். பிடித்துப் பழகிய கை இல்லை. இரண்டு கையாலும், கொதிக்கும் பாத்திரத்தைப் பிடிப்பதுபோல் பிடித்திருந்தாள்.

"அக்கா" என்றாள் ஜுலேகா. "அத பைக்குள்ள வச்சிருங்க."

"ஒண்ணும் செய்ய மாட்டேன் டாக்டரம்மா. நீங்க பல்லப் பாருங்க." கணவரைப் பார்த்தாள். "எத்தன நிமிசம் இவிய இப்படிக் கெடப்பாவ?"

"ஏன் கேக்கறீங்க?"

"போன்லயும் நாந்தான் கேட்டேன். நெசமாவே மயங்கிருவாவளான்னு நாலு தடவ. உங்க அசிஸ்டென்ட் பிள்ள சலிச்சுக்கிட்டா."

அவள் துப்பாக்கியை மடியில் வைத்து, பிடியின் பக்கவாட்டில் கட்டைவிரலை அழுத்தினாள். உள்ளங்கை அளவு திரை ஒன்று ஒளிர்ந்தது.

"இதுக்குக் கண்ணு இருக்கு" என்றாள். "உறையவிட்டு வெளிய வந்தாலே பதிஞ்சுக்கிடும். என்னைக்கு, எத்தன மணிக்கு, யாருக்கு நேரா, எவ்வளவு தூரத்துலன்னு எல்லாம். எனக்கு நேரா முப்பத்தொரு தடவ நீட்டிருக்காவ. நான் எண்ணி வச்சிருக்கேன். சோறு கொழஞ்சதுக்கு ஒரு தடவ. எங்கக்கா வீட்டுக்குப் போய்ட்டுவாரேன்னதுக்கு ஒரு தடவ. ரெண்டு மொற ஸ்டேசன்ல போய்ச் சொன்னேன். உரிமம் உள்ள பொருள், பதிவப் பாக்கணும்னா உரிமையாளர் சம்மதம் வேணும், அவரக் கூட்டிட்டு வாங்கன்னாவ."

கோயில்பிள்ளை மெதுவாகக் கேட்டார். "இப்ப யாரு உரிமையாளர்?"

"பொருள் யாரு கைக்கு மாறிருக்கோ அவியதான். சட்டத்துலயே எழுதிருக்கு. படிச்சேன்."

ஜுலேகாவுக்குப் புரிந்தது. இந்தப் பல்லுக்காகவோ, இந்த வலிக்காகவோ அல்ல, இந்த வெள்ளை விளக்குக்காக ஒருத்தி மாதக்கணக்கில் காத்திருந்திருக்கிறாள்.

"பதிவ மாவட்ட உரிம ஆபீசுக்கு அனுப்பப் போறேன். படத்தோட போறதால நேரம் ஆகுமாம்." திரையைப் பார்த்தாள். "நாப்பத்தி நாலு நிமிசம்னு காட்டுது."

"ஒரு பல்லுக்கு இருபத்தஞ்சு நிமிஷம்தான்" என்றாள் ஜுலேகா. "அதுக்கப்புறம் பத்து, பதினஞ்சு நிமிஷத்துல முழிச்சிருவாரு. அதுவும் ஆள் ஆளுக்கு மாறும். இப்பவே போலீஸ்ல ஒப்படைச்சிருங்க அக்கா. ஒப்படைப்புன்னு ஒண்ணு இருக்கும்ல, அத அழுத்தினா துப்பாக்கி செத்துரும்ல."

"செத்துரும். பதிவும் அதோட செத்துரும். அடுத்த மாசம் புதுசு ஒண்ணு வாங்கிட்டு வந்து, நான் திருடிட்டேன்னு சொல்லிட்டு, முப்பத்திரெண்டாவது தடவ நீட்டுவாவ." அவள் திரையில் விரலை வைத்தாள். "அனுப்பி முடிச்சுட்டுத்தான் ஒப்படைப்பேன். அதுக்குள்ள முழிச்சுட்டாவன்னா, பொருள் திரும்ப அவிய கைக்குப் போயிரும். அவ்வளவுதான்."

ஜுலேகா கோயில்பிள்ளையைப் பார்த்தாள். அவர் நோயாளியின் மோவாயைத் தூக்கிப் பிடித்தபடி, "வாய் தெறந்து கெடக்கும்மா. ஆரம்பிங்க" என்றார்.

ஆரம்பித்தாள். நாற்காலியைச் சுற்றி வந்து, துப்பாக்கிக்கு முதுகு காட்டி நின்றாள். இடது பக்கப் பல்லுக்கு அந்தப் பக்கம் நின்றால்தான் கை எட்டும். ஈறைக் கீறி விலக்கினாள். எலும்பைச் செதுக்கும் கருவி இரைந்தது. ஒவ்வொரு முறை அது நிற்கும்போதும் தோள்பட்டைக்கு நடுவே ஓர் இடம் சில்லிட்டது. பல்லை இரண்டாக வெட்டும் நேரத்தில் ஆக்ஸிஜன் அளவு தொண்ணூற்று மூன்றுக்கு இறங்கி மானிட்டர் கத்தியது. கோயில்பிள்ளை தாடையை முன்னே தள்ளிப் பிடித்தார். எண் ஏறும்வரை இருவரும் அந்தத் திரையையே பார்த்திருந்தார்கள். பிறகு பல்லின் ஒரு பாதி வந்தது. கொஞ்ச நேரம் போராடி மறுபாதியும் வந்தது. சீழ் வாடை முகக்கவசத்தைத் தாண்டி ஏறியது.

கடைசித் தையலை முடிச்சிட்டபோது மணி பதினொன்று பன்னிரண்டு.

"எவ்வளவு போயிருக்கு?" என்று திரும்பாமலே கேட்டாள்.

"பாதி ஆயிட்டு. இன்னும் இருபத்திரெண்டு நிமிசம் காட்டுது."

பலவேசத்தின் வலது கை விரல்கள் அசைந்தன. தொண்டையில் ஏதோ முனகல். அந்தக் கை மெதுவாக இடுப்பை நோக்கிப் போய், வெறும் பெல்ட்டைத் தடவிவிட்டு விழுந்தது.

ஸ்டூலில் இருந்தவள் கெஞ்சுவாள் என்று ஜுலேகா எதிர்பார்த்தாள். ஒரு வார்த்தை கெஞ்சியிருந்தால் மறுப்பது எளிதாக இருந்திருக்கும். பிரம்மசக்தி கணவரின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான்.

ஜுலேகா கையுறையைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டினாள்.

"சார், வலது பக்கத்தையும் எடுத்துரலாம்."

கோயில்பிள்ளை மானிட்டரிலிருந்து நிமிர்ந்தார். "இன்னைக்கு ஒண்ணுதான்னு சொன்னீங்க."

"ரெண்டுக்கும் கையெழுத்து இருக்கு. எடுக்க வேண்டிய பல்லுதான்."

"எடுக்க வேண்டிய பல்லுதான். இன்னைக்கு எடுக்கறது பல்லுக்காகவா, அந்த அம்மாவுக்காகவா?"

ஜுலேகா எக்ஸ்ரேயைப் பார்த்தாள். பல் அங்கே படுத்திருந்தது. ஒரு மாதம் பொறுக்கும் பல்.

"அவங்களுக்காக" என்றாள்.

கோயில்பிள்ளை நோயாளியின் முகத்தைப் பார்த்தார். அறுபத்தெட்டு வயதில், தன்னை நம்பிக் கண்ணை மூடியவர்களின் ஆயிரக்கணக்கான முகங்களைப் பார்த்தவர் அவர். "நாப்பது வருசத்துல ஒரு சொட்டு மருந்துகூட இதுக்காக ஏத்துனதில்ல" என்றார். பிறகு, மூச்சையும் நாடியையும் இரண்டு முறை சரிபார்த்துவிட்டு, ஊசியில் மிகக் கொஞ்சமாக மருந்தை ஏற்றினார். "இவ்வளவுதான். இதுக்கு மேல ஒரு துளி கேட்டாலும் தர மாட்டேன். எதுக்குன்னு சீட்டுல எழுதுங்க. எம்பேரையும் சேத்து எழுதுங்க."

விரல்கள் அடங்கின.

வலது பல் எளிதில் வரவில்லை. அவள் வேண்டுமென்றே மெதுவாகவும் செய்யவில்லை, வேகமாகவும் செய்யவில்லை. வாயைத் திறந்த பிறகு அது பல், எலும்பு, ரத்தம். வேறெதையும் நினைக்க அதில் இடமில்லை. இரண்டாவது தையலின்போது முதுகுக்குப் பின்னால் பிரம்மசக்தி, "பதிவு போயிட்டு" என்றாள்.

திரும்பினாள். பிரம்மசக்தி பிடியில் மூன்று முறை கட்டைவிரலை அழுத்தினாள். 'ஒப்படைக்கிறீர்களா?' என்று மூன்று முறையும் ஒரு பெண் குரல் கேட்டது, மூன்று முறையும் "ஆமா" என்றாள். வெள்ளை விளக்கு அணைந்தது. துப்பாக்கியைக் கருவிகள் வைக்கும் தட்டில், பஞ்சுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, சேலைத் தலைப்பில் இரண்டு கைகளையும் அழுத்தித் துடைத்தாள்.

ஒப்படைத்த செய்தி போன பத்தாவது நிமிடத்தில் சப்-இன்ஸ்பெக்டர் சந்தனமாரி ஒரு கான்ஸ்டபிளோடு வந்தார். பலவேசம் இன்னும் நாற்காலியில் சாய்ந்து கிடந்தார். சந்தனமாரி துப்பாக்கியைப் பைக்குள் போட்டு முத்திரை வைத்தார். பிறகு கையிலிருந்த பலகைக் கணினியில் உரிம ஆபீசுக்குப் போன பதிவைத் திறந்தார். படிக்கப் படிக்க அவரது முகம் இறுகியது.

"உங்களுக்கு நேரா எத்தன தடவ நீட்டிருப்பாரும்மா?"

"முப்பத்தொண்ணு."

"இருநூத்திப் பன்னெண்டு இருக்கு."

பிரம்மசக்திக்கு விளங்கவில்லை. "அவ்வளவு இருக்காதே. நான் எண்ணினேனே."

"முப்பத்தொண்ணுல நீங்க முழிச்சிருக்கீங்க." சந்தனமாரி கணினியைத் திருப்பிக் காட்டவில்லை. "மத்தது எல்லாம் நீங்க தூங்கும்போது. படம் இருக்கு. பாக்க வேண்டாம்."

பிரம்மசக்தி சுவரில் கையை ஊன்றிக்கொண்டாள். ஜுலேகா அவளைப் பிடிக்கப் போனாள். அவள் வேண்டாம் என்று கையை அசைத்தாள். அழவில்லை. கழுத்தின் பின்புறத்தை ஒருமுறை தடவிப் பார்த்தாள், அவ்வளவுதான்.

சந்தனமாரி கடைசிப் பக்கத்துக்கு வந்திருந்தார். அங்கே நின்றுவிட்டார்.

"இது இன்னைக்கு. பதினொண்ணு மூணு. பிடிச்சிருந்தது ரெண்டாம் கை. தூரம் ஒன்றரை மீட்டர். ஒன்பது செகண்டு." திரையைக் கொஞ்சம் கீழே தள்ளினார். "குறி, அடையாளம் தெரியாத நபர், முதுகுப்புறம்னு போட்டிருக்கு."

அறையில் முதுகு காட்டி நின்றது யார் என்று யாரும் கேட்கத் தேவையிருக்கவில்லை. ஜுலேகாவுக்கு மானிட்டர் கத்தியது நினைவுக்கு வந்தது. எண் ஏறட்டும் என்று இருவரும் திரையையே பார்த்துக்கொண்டு நின்ற நேரம்.

"அவியளுக்கு நேராத்தான் பிடிச்சேன்" என்றாள் பிரம்மசக்தி. ஜுலேகாவைப் பார்த்தே சொன்னாள். "மூச்சு நிக்கப் போவுதுன்னு நெனச்சேன். நின்னுட்டா என்ன, அதுக்கு முன்ன நானே முடிச்சா என்னன்னு எந்திரிச்சுட்டேன். நடுவுல நீங்க நின்னீய. நகருவீயன்னு பாத்தேன். நகரல. நீங்க அவிய உசுரு போயிரக் கூடாதுன்னு அந்த எண்ணயே பாத்துக்கிட்டு நின்னீய. ஒக்காந்துட்டேன்."

சந்தனமாரி கணினியை மூடிவிட்டுச் சொன்னார். "இந்த ஒரு வரிய என்னால எடுக்க முடியாதும்மா. பதிவு மொத்தமாத்தான் கோர்ட்டுக்குப் போகும். அவருக்கு எதிரா எது போகுதோ, அதே காகிதத்துல உங்களுக்கு எதிராவும் இது இருக்கும்."

"தெரியும். அனுப்பும்போது அந்த வரி ஏறுனதப் பாத்தேன். நிறுத்திருந்தா மத்ததும் போயிருக்காது." அவள் பையைத் தோளில் மாட்டினாள். "மொத்தமாவே போவட்டும்."

வாசலில் அவள் நின்றாள். மன்னிப்புக் கேட்க வாயெடுக்கிறாள் என்று ஜுலேகா நினைத்தாள். ஆனால் அவள் மணிக்கட்டுப் பட்டையைக் கழற்றி, வைப்பதற்கு இடம் தெரியாமல் சுற்றிப் பார்த்துவிட்டு, சப்-இன்ஸ்பெக்டரின் கையில் கொடுத்தாள். அவளையும் ஏற்றிக்கொண்டு ஜீப் கிளம்பும் ஓசை கேட்டது. கான்ஸ்டபிள் மட்டும் பலவேசத்துக்குக் காவலாகக் கதவோரம் நின்றார்.

ஜுலேகா கைகழுவும் தொட்டியில் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் நின்றாள். கழுவுவதற்கு ஒன்றும் இல்லை. முதுகில் அந்த இடம் இன்னும் சில்லிட்டுக்கொண்டிருந்தது. பயத்துக்குப் பிறகு கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். வந்தது. ஆனால் அது யார்மேல் என்று அவளால் பிரிக்க முடியவில்லை. உட்கார்ந்து நோயாளிச் சீட்டை எழுதினாள். வலது பல் எடுத்ததற்கான காரணம் என்ற இடத்தில் இரண்டு வரி எழுதினாள். அவற்றில் பல்லைப் பற்றி எதுவும் இல்லை. கீழே இருவரின் பெயர்களும் இருந்தன. கோயில்பிள்ளை கண்ணாடியை இறக்கிப் படித்துவிட்டுக் கையெழுத்திட்டார்.

பன்னிரண்டேகாலுக்குப் பலவேசம் கண்ணைத் திறந்தார். வாயில் பஞ்சு.

"எம்பொருள் எங்க?"

"போலீஸ்கிட்ட இருக்கு" என்றார் கோயில்பிள்ளை.

"எதுக்கு?" கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் கண்ணை மூடிக்கொண்டார். மூன்று நிமிடத்தில் மறுபடி விழித்தார். கை இடுப்புக்குப் போனது. "எம்பொருள் எங்க? சக்தி எங்க?"

மறுபடியும் பதில். மறுபடியும் மறதி. நாலாவது முறை கேட்டபோது ஜுலேகா பக்கத்தில் வந்து நின்றாள்.

"நான் சொல்லிடறேன் சார்."

"இப்ப சொன்னா மறந்துருவாரு" என்றார் கோயில்பிள்ளை.

"தெரியும். மறக்காத நேரம் வரட்டும்."

"சீட்டுல எழுதியாச்சுல்லாம்மா. கேஸு வந்தா தானா தெரிஞ்சுக்கிடுவாரு. ஆளுகிட்ட நேர்ல வேற சொல்லணுமா? இவன் யாருன்னு பாத்துட்டீங்க. வெளிய வந்தா சும்மா இருப்பான்னு நெனைக்கியளா?"

"இல்ல. ஆனா வாய் அவரோடது."

அவர் எழுந்து போகவில்லை. அடுத்த மருத்துவமனைக்குப் போன் செய்து தாமதமாகும் என்று சொல்லிவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தார்.

ஐந்தாவது முறையும், ஆறாவது முறையும் அதே கேள்விதான். ஒன்றே காலுக்குப் பலவேசம் விழித்தபோது கை இடுப்புக்குப் போகவில்லை. நாக்கு வாய்க்குள் மெதுவாக ஒரு பக்கம் போனது, பிறகு மறுபக்கம். கண்கள் தெளிந்து, கதவோரம் நின்ற காக்கிச் சட்டையைப் பார்த்து, பிறகு ஜுலேகாவிடம் வந்து நின்றன.

"ரெண்டு பக்கமும் தையல் இருக்கு" என்றார். "ஒண்ணுதான எடுக்கேன்னு எங்கிட்ட சொன்னீங்க?"

ஜுலேகா சுவரோரம் இருந்த ஸ்டூலை இழுத்து, அவர் கை எட்டும் தூரத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

"ஆமா, அப்படித்தான் சொன்னேன்" என்றாள். "ரெண்டாவதை ஏன் எடுத்தேன்னு இப்ப சொல்றேன்."